தண்ணி எடை

மணல் லாரிக்காரர்களிடம் ஒரு தந்திரம் உண்டு. எடை மேடைக்கு வருவதற்கு முன்னால் எங்காவது ஒதுங்கி, ஏற்றி வந்த மணலின் மேல் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு வருவார்கள். லோடு கனக்கும். இதை நாங்கள் தண்ணி எடை என்போம். இருபத்தோரு வருஷமாக நான் எடை மேடையில் வேலை பார்க்கிறேன். லாரி ஏறி நின்றதும் திரையில் ஓடும் எண்ணைப் பார்க்க மாட்டேன். ஜன்னல் வழியாக அதன் அடிப்பலகையைப் பார்ப்பேன். சொட்டினால், ஓரமாக நிறுத்து, வடிந்த பிறகு வா என்று சொல்லிவிடுவேன். டிரைவர்கள் முகத்துக்கு நேரே திட்டுவார்கள். முதுகுக்குப் பின்னால், இந்த ஆளுக்கு மட்டும் தண்ணி காட்ட முடியாது என்பார்கள். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும்.

என் மனைவி இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஒருநாள் வேலை முடிந்து வரும் வழியில் என்னைப் பார்க்க வந்தவள், லாரி எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்து மேடையின் நடுவில் போய் நின்றாள். திரை அறுபது காட்டியது. அவள் ஐம்பத்திரண்டு கிலோதான். இந்த மேடைக்கு இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும் என்று விளக்கினேன். எட்டு கிலோவை எங்கிருந்து பிடித்துத் தன் மேல் ஏற்றினேன் என்று கேட்டாள். உங்களை நம்பியா இத்தனை பேர் மணல் வாங்குகிறார்கள் என்றும் கேட்டுவிட்டுப் போனாள்.

அவளுக்கு மெத்தைப் பட்டறையில் வேலை. மெத்தையின் ஓரப்பட்டியை மெஷின் தைத்துவிடும். மூலையில் மெஷின் திரும்பாது. அங்கே கையால் தைக்க வேண்டும். அந்த மூலைகள் அவளுடையவை. நீளமான, வளைந்த ஊசி ஒன்று எப்போதும் அவள் காலரில் குத்தியிருக்கும். ஆள் ஒல்லி, பேச்சும் சுருக்கென்று இருக்கும். பட்டறையில் எல்லோரும் அவளை ஊசி என்றே கூப்பிடுவார்கள்.

பட்டறை தீப்பிடித்தது ஒரு மத்தியானம். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஃபோம் ஷீட்டுகளுக்குப் பசை அடித்துக்கொண்டிருந்தார்கள். பசையின் ஆவி தரையோடு தரையாகப் பரவி, ஏதோ ஒரு சுவிட்சில் பற்றிக்கொண்டது என்று பிறகு சொன்னார்கள். அவள் தடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். முதுகு, இரண்டு கைகள், தொடைகளின் பின்பக்கம். உடம்பில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பங்கு என்று ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அந்த முகத்தை மட்டும் பார்த்துவிட்டு, பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

தீக்காயப் பிரிவின் டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, அவள் எடை என்ன என்பது. ஐம்பத்திரண்டு என்றேன். எடையையும் வெந்த அளவையும் வைத்துத்தான் முதல் நாள் எவ்வளவு திரவம் ஏற்றுவது என்று முடிவு செய்வார்களாம். ஒன்பது லிட்டர் வந்தது. அவ்வளவும் ஒரே நாளில் அவளுக்குள் போனது. பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

அந்தப் பிரிவில் ஜன்னல்களைத் திறப்பதில்லை. அறையைச் சூடாகவே வைத்திருப்பார்கள். தோல் போன உடம்பால் தன் சூட்டைப் பிடித்து வைக்க முடியாது. அங்கி, முகமூடி, குல்லாய் எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போனால் ஐந்து நிமிஷத்தில் நனைந்துவிடுவேன். அவள், குளிருதுங்க என்பாள். படுத்த படுக்கையாக இருந்தவளின் இதயம் நிமிஷத்துக்கு நூற்று முப்பது தடவை அடித்துக்கொண்டிருந்தது. வெறுமனே படுத்திருக்கிறாள், ஆனால் மாடிப்படி ஏறிக்கொண்டே இருப்பவளின் உடம்பு அது என்று நர்ஸ் சொன்னார்.

ஐந்தாம் நாள் முதல் அறுவை சிகிச்சை. வெந்த தோலை எடுத்துவிட்டு, தொடையின் முன்பக்கத்திலிருந்து மெல்லிய தோலைச் சீவி முதுகில் ஒட்டினார்கள். அப்போது மூச்சுக்காகப் போட்ட தொண்டைக் குழாயை ஆறாம் நாள் எடுத்ததும் மறுபடி பேச ஆரம்பித்தாள். மூக்குக் குழாய் மட்டும் இருந்தது. அதன் வழியாகப் பாலும் முட்டை வெள்ளையும் ஒரு பொடியும் நாள் முழுக்கப் போய்க்கொண்டே இருக்கும். வாயாலும் சாப்பிடச் சொன்னார்கள். எனக்குள்ள யாரோ நாலு பேர் உட்காந்து சாப்பிடுறாங்க, எனக்கு மட்டும் பந்தியில இலை போடல என்றாள். இன்சுலின் வேறு ஏறிக்கொண்டிருந்தது. அக்காவுக்குச் சுகர் வந்துவிட்டதா என்று அவள் தம்பி பயந்து போனான். சர்க்கரையைக் கட்டுப்படுத்தவும் சதையைக் காப்பாற்றவும் என்று நர்ஸ் விளக்கிய பிறகும் அவன் முகம் தெளியவில்லை.

அவனை நான் மாப்ள என்றுதான் கூப்பிடுவேன். டயர் கடையில் வேலை. விடிந்ததும் ஜிம்முக்குப் போய் உடம்பை முறுக்கிக்கொண்டு வருகிறவன். அவளைவிட ஒன்பது வயது இளையவன். அவனைத் தூக்கித் தூக்கித்தான் தன் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது என்பாள்.

எட்டாம் நாள் காலையில் அவளை எடை பார்த்தார்கள். கட்டிலோடு ஒரு தூக்கி உண்டு. தொட்டில் மாதிரித் துணியில் ஆளைத் தூக்கினால் எண் காட்டும். ஐம்பத்தொன்பதரை. கட்டுகள் எவ்வளவு இருக்கும் என்று நர்ஸிடம் கேட்டேன். இரண்டரை கிலோ இருக்கலாம் என்றார். லாரியின் காலி எடையைக் கழிப்பதுபோல் கழித்தேன். ஐம்பத்தேழு. வந்ததைவிட ஐந்து கிலோ கூடுதல். வெளியே வந்து மாப்ளைக்குப் போன் செய்து, உங்க அக்கா சதை போட்டிருக்கா என்றேன். நான் சொன்ன வார்த்தை அதுதான்.

அன்றைக்கே டாக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்பது வயதுப் பெண்மணி. பேசும்போது நம் முகத்தைத்தான் பார்ப்பார். உடம்பு பெரிதாக வெந்துவிட்டால் உள்ளே சில ஹார்மோன்கள் பொங்கிக் கிளம்பும், கார்ட்டிசாலும் அட்ரீனலினும் பல மடங்கு ஏறிவிடும் என்றார். அவற்றின் வேலை, இருக்கிற சதையை உடைத்துக் காயத்துக்கு அனுப்புவது. எவ்வளவு ஊட்டினாலும் சாப்பாட்டால் மட்டும் அதை நிறுத்த முடியாது.

"கூரை போயிடுச்சு. அவங்க உடம்பு, கூரை போடறதுக்குச் சுவத்துல இருந்து கல்லை உருவிக்கிட்டு இருக்கு," என்றார். "கூரை நல்லாத்தான் வரும். சுவரு நிக்கணும் இல்லையா?"

அதற்கு ஒரு மாத்திரை இருக்கிறது. ஆண் ஹார்மோனிலிருந்து மாற்றிச் செய்தது, ஆனால் அந்த அளவு வீரியம் இல்லாதது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும்கூடக் கொடுக்கிறோம் என்றார். ஈரலைப் பரிசோதித்துக்கொண்டே கொடுக்க வேண்டும். சிலருக்குக் குரல் லேசாகக் கரகரக்கலாம், முகத்தில் முடி வரலாம். நிறுத்திய பிறகு பெரும்பாலும் குறைந்துவிடும்.

சதையைப் பிடித்து வைத்தால் தோலுக்குப் போவது குறையாதா என்று கேட்டேன். புத்திசாலித்தனமாகக் கேட்டுவிட்டதாக ஒரு நினைப்பு. அந்தப் பயம் எங்களுக்கும் இருந்தது, ஆனால் நான் கொடுத்தவர்களில் யாருக்கும் தோல் ஆறுவது தாமதப்படவில்லை என்றார். பிறகுதான் என் துருப்பை இறக்கினேன்.

"எடை ஏறியிருக்கே டாக்டர். ஐம்பத்தேழு."

"அது தண்ணி," என்றார்.

மூன்றே எழுத்து. மணல் லாரி வந்து நின்றிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். அவள் கட்டிலின் கீழே எதுவும் சொட்டவில்லை. அவள் முகம் பூரித்திருந்தது. கன்னம் வைத்தால் எப்படி இருப்பாள் என்று இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன், அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை. டாக்டர்கள் எதையும் பெரிதாக்கித்தான் சொல்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெளியே மாப்ள காத்திருந்தான். விஷயத்தைச் சொன்னேன். அது ஜிம்மில் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொள்கிற சரக்கு என்றான். அவனோடு பயிற்சி செய்த ஒருவன் ஈரல் கெட்டு, கண் மஞ்சளாகி ஆறு மாதம் படுத்துக் கிடந்தானாம். "நல்லா இருக்கறவனையே சாய்ச்ச மருந்து மாமா. வெந்து கிடக்கறவளுக்கா குடுப்பீங்க?" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் அளவும் வேறு, ஆளும் வேறு. அதைப் பிரித்துப் பார்க்கும் அறிவு எங்கள் இருவருக்கும் இருக்கவில்லை.

இன்னொன்றும் என் மனதில் ஓடியது. மாதம் ஒரு முறை அவள் மேலுதட்டு முடியை எடுக்கப் போவாள். என்னை உள்ளே வரவிட மாட்டாள். தெருமுனையில் நிற்கச் சொல்வாள். அந்த முடிக்காகவே அவளைப் பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனவர்கள் உண்டு. அவளிடம் போய், ஆம்பளை மருந்து, மீசை வரும், குரல் மாறும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் டாக்டரிடம், வேண்டாம் என்றேன். அவர் விடவில்லை.

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். வேணாம்னுட்டா."

டாக்டர் நேரில் கேட்கத்தான் நினைத்திருப்பார். அன்றைக்கு அவளுக்குக் கட்டு மாற்றும் நாள், மயக்கத்தில் இருந்தாள். அதற்கடுத்த நாள் இன்னொரு அறுவை சிகிச்சை. நோயாளி மறுத்தார் என்று சீட்டில் எழுதியாகிவிட்டது. மாப்ளையிடமும் அதையே சொன்னேன். அக்காவுக்கு எது ஆகும் எது ஆகாதுன்னு அவளுக்குத் தெரியும் மாமா என்று நிம்மதியாகத் தலையாட்டினான்.

பதினொன்றாம் நாள், கட்டுகள் போக ஐம்பத்து மூன்று. வீக்கம் வடிகிறது, நல்லதுதான் என்றார் நர்ஸ். பதினான்காம் நாள் நாற்பத்தெட்டு. பதினேழாம் நாள் நாற்பத்து நான்கு. தண்ணீர் வடிந்து முடிந்ததும், அதற்கு அடியில் என்ன இருந்தது என்று தெரிந்தது.

உடற்பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவாள். ஒவ்வொரு வாரமும் நாடாவால் தொடையையும் கெண்டைக்காலையும் அளப்பாள். அன்றைக்கு அளந்துவிட்டு, அளவை வாய்விட்டுச் சொல்லாமல் எழுதிக்கொண்டாள். பிறகு தன் இரண்டு விரல்களை நீட்டி, இதை அழுத்துங்க என்றாள். என் மனைவி பல்லைக் கடித்து அழுத்தினாள். அந்தப் பெண், இன்னும் கொஞ்சம் என்றாள். நான் அழுத்தி முடிச்சுட்டேனே என்றாள் இவள். ஆறு அங்குல மெத்தையின் மூலையில் ஊசியை இறக்கி மறுபக்கம் இழுத்த கை அது.

அந்தப் பெண் போன பிறகு அவளிடம் சொன்னேன். நின்றுகொண்டேதான் சொன்னேன், உட்காரத் தோன்றவில்லை.

"டாக்டர் ஒரு மருந்து சொன்னாங்க. சதை கரையாம இருக்க. எட்டாம் நாளே சொன்னாங்க."

"நான் வேணாம்னு சொன்னேனா? எனக்கு ஞாபகம் இல்லியே."

"நீ வேணாம்னு சொன்னதா நான் சொல்லிட்டேன்."

ஏன் என்று கேட்டாள். எடையைச் சொன்னேன். அவள் தம்பி சொன்னதைச் சொன்னேன். கடைசியில் மீசையையும் சொன்னேன்.

அவள் சிரித்தாள். சத்தம் வரவில்லை, மூக்குக் குழாய் மட்டும் ஆடியது. "வந்தா நூல் போட்டு எடுத்துட்டுப் போறேன். ஊசிகிட்ட இல்லாத நூலா?" என்றாள். சிரிப்பு அடங்கியது. பிறகு, கோபமே இல்லாமல் சொன்னாள்:

"எனக்குப் பதிலா நீங்க இன்னும் எங்கெங்க பேசி வெச்சிருக்கீங்கன்னு இனிமேதான் யோசிக்கணும்."

அன்று மாலையே டாக்டரிடம் அவளே கேட்டாள். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பதினெட்டாம் நாள் முதல் காலையும் மாலையும் அந்த மாத்திரையைப் பொடித்துக் குழாய் வழியாகக் கொடுத்தார்கள். இதயத் துடிப்பைக் குறைக்க இன்னொன்றும் கொடுத்தார்கள்.

நாற்பத்து நான்கு நாற்பத்து நான்காகவே நின்றது. முதல்முறையாக இறங்கவில்லை. இருபத்தைந்தாம் நாள் நாற்பத்து நான்கே முக்கால். இந்த முறை நான் எண்ணை நம்பவில்லை. நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி அவள் கணுக்கால் எலும்புக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். தண்ணீர் என்றால் குழி விழுந்து அப்படியே நிற்கும். விரலை எடுத்ததும் சதை எழும்பி வந்தது. நாலைந்து தடவை அழுத்தினேன். காலை விடுங்க, மாவா பிசையறீங்க என்றாள்.

அடுத்த நாள் கட்டில் ஓரத்தில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். ஸ்பூனைத் தானே பிடித்து நான்கு வாய் சாப்பிட்டாள். மாப்ள தன் செல்போனில் அதைப் படம் எடுத்து டயர் கடையில் எல்லோருக்கும் காட்டினான். குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது. மருந்தாலா, தொண்டைக் குழாயாலா என்று தெரியவில்லை. டயர் கடை முதலாளி பேசுவதுபோல் பேசித் தம்பியை மிரட்டினாள்.

இருபத்தொன்பதாம் நாள் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி. தீக்காயப் பிரிவில் பாதிப் பேருக்கு வருகிற சமாச்சாரம்தான், மருந்து ஏற்றினார்கள். அவள் இருமித் துப்பினால் போதும் என்றார்கள். பயிற்சிப் பெண் அவள் விலாவில் கையை வைத்துக்கொண்டு, மூச்சை நல்லா இழுத்து, இப்போ இருமுங்க என்பாள். அவள் இழுப்பாள். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு சின்னச் சத்தம் வரும். அவ்வளவுதான். சளி வந்த வழியே உள்ளே போய்விடும். மறுபடி இழுப்பாள்.

கைகாலுக்கு மட்டும்தான் சதை வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். இருமவும் சதைதான் வேண்டும் என்று டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. விலா எலும்புகளுக்கு நடுவிலும் வயிற்றிலும் இருந்த சுவரிலிருந்துதான் முதல் வாரங்களில் கல் போயிருந்தது. பத்துப் பன்னிரண்டு நாள் மாத்திரை அதைத் திரும்பக் கட்டிவிடாது.

முப்பதாம் நாள் மறுபடி தொண்டைக் குழாய். அதற்கு முன்னால் பேச அவளுக்கு ஒரு நிமிஷம் கொடுத்தார்கள். சாவியை மின்சார மீட்டர் மேல் வைத்திருப்பதாகவும், பக்கத்து வீட்டுக்காரிக்குத் துணி ஒன்று தைத்துத் தர வேண்டியிருப்பதாகவும் சொன்னாள். வேறெதுவும் சொல்லவில்லை.

முப்பத்திரண்டாம் நாள் கட்டுகளைப் பிரித்தார்கள். ஒட்டிய தோலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு பிடித்துவிட்டது என்றார் டாக்டர். என்னைப் பார்க்கவிட்டார்கள். அவளை ஒருக்களித்துப் பிடித்திருந்தார்கள். முதுகு முழுக்க ரோஜா நிறத்தில், வலை பின்னியதுபோல் சின்னச் சின்னக் கட்டமாகப் புதுத் தோல். எங்கும் ஈரம் இல்லை, சீழ் இல்லை. அதற்குக் கீழே விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. மறுநாள், மத்தியானத்துக்கு முன்னால், அவள் போய்விட்டாள்.

மூன்று மாதம் கழித்து அவள் காகிதங்களை வாங்கிப்போக ஆஸ்பத்திரி கூப்பிட்டது. மாப்ள வண்டியில் கொண்டுபோய்விட்டு வெளியே நின்றான். காகிதங்களை வாங்கிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன். கேட்க வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அங்கே போனதும் பாதியில் நின்றுவிட்டது. மீதியை டாக்டரே கேட்டார்.

"ஒன்பது நாள் முன்னாடி ஆரம்பிச்சிருந்தா அவங்களால இருமியிருக்க முடியுமான்னு கேக்குறீங்க."

ஆமாம் என்றேன்.

"எனக்குத் தெரியாது. அந்த மாத்திரையைச் சாப்பிட்டும் போனவங்க இருக்காங்க, சாப்பிடாம பிழைச்சவங்களும் இருக்காங்க. வித்தியாசம் இருந்திருக்காதுன்னு நான் சொன்னா, அது உங்களுக்காகச் சொல்ற பொய்யா இருக்கும்."

அவள் மயக்கம் தெளிந்ததுமே தானே நேரில் கேட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போதும் என் முகத்தைத்தான் பார்த்தார்.

வெளியே வந்தேன். மாப்ள வண்டியில் சாய்ந்து நின்றிருந்தான். ஜிம்முக்குப் போவதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தான். சட்டை தோளில் தொளதொளத்தது. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டான். சொன்னேன். அக்காவே வேணாம்னு சொன்னதுக்கு டாக்டர் என்ன பண்ணுவாங்க என்றான்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அப்படியே போயிருக்கும். செத்துப் போனவள் மேல் அந்தப் பழியைக் காலத்துக்கும் வைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம்.

"அவ சொல்லல, மாப்ள. அவகிட்ட நான் கேக்கவே இல்ல."

அவன் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வார்டுக்குத் துணி மூட்டை தள்ளிக்கொண்டு போனவர், வழி விடச் சொல்லி அவன் முதுகைத் தட்டினார். நகர்ந்து நின்றான்.

"நான் அந்த ஜிம் கதையைச் சொன்னதாலயா மாமா?"

"நீ சொன்னதாலயும்தான். எடை ஏறிடுச்சுன்னு நான் நெனச்சதாலயும்தான். முடிவா வேணாம்னு சொன்னது நான்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து இன்னொரு பொய்யை அவள் விஷயத்தில் வரவிடக் கூடாது என்று தோன்றியது. அது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவன் வண்டியைக் கிளப்பினான். என்னை வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே வராமல் போய்விட்டான். ஏழு வாரம் வரவில்லை.

எட்டாவது வாரம் வந்தான். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். எதிரும் புதிருமாக உட்காருகிறோம். அவளைப் பற்றித்தான் பேச்சு. அவனைத் தூக்கிக்கொண்டு அவள் பள்ளிக்கூடம் போனது, கண்டக்டரோடு போட்ட சண்டை, முதல் சம்பளத்தில் அவனுக்கு வாங்கித் தந்த செருப்பு இரண்டும் ஒரே காலுக்கானதாக இருந்தது. சிரிக்கவும் செய்கிறோம். பேச்சு தானாகவே நகர்ந்து ஆஸ்பத்திரிக்குள் நுழையும். ஐந்தாம் நாள், ஆறாம் நாள் வரைக்கும் போகும். அதற்கு மேல் அவனும் போக மாட்டான், நானும் போக மாட்டேன். கடையில் வேலை இருக்கிறது மாமா என்று அவன் எழுந்துகொள்வான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் கடை இல்லை.